சின்னதை விட்டால் போதாது, பெரியதையும் விட வேண்டும்

சிங்கி இறால் (லாப்ஸ்டர்) பிடிப்பு பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் சொல்வது ஒரே விதியைத்தான்: "சின்னதைப் பிடிக்காதே." நல்ல விதிதான், ஆனால் பாதி விதி. முட்டை சுமக்கும் தாயையும் நன்றாகப் பெருத்துவிட்ட பெண் இறாலையும் கடலுக்கே திருப்பி அனுப்பாமல் இந்தத் தொழில் நெடுங்காலம் தாங்காது என்பது என் உறுதியான கருத்து. காரணம் அந்த உயிரின் உடலிலேயே இருக்கிறது.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்வோம். வட அட்லாண்டிக்கின் குளிர்நீரில் வாழும் அமெரிக்க, ஐரோப்பிய லாப்ஸ்டர்களுக்குப் பெரிய கொடுக்குகள் இரண்டு உண்டு. ஒன்று தடித்தது, சிப்பி ஓட்டை நொறுக்க. இன்னொன்று மெலிந்தது, சதையை அறுக்க. வெப்பக் கடல்களில் அதிகம் கிடைக்கும் சிங்கி இறாலுக்குப் பெரிய கொடுக்கு கிடையாது. முள் அடர்ந்த தடித்த உணர்கொம்புகள்தான் அதன் ஆயுதம். மூன்றாவது, மணலிலும் சேற்றிலும் புதைந்து கிடக்கும் தட்டையான மணல் சிங்கி. முதல் இரண்டும் பகலில் பாறை இடுக்கில் ஒளிந்து, இரவில் சிப்பி, நத்தை, புழு, கடல் முள்ளெலி என்று தேடித் தின்பவை. கொடுக்குள்ளது தனி வளை தேடும். வளர்ந்த சிங்கிகள் பலவும் ஒரே இடுக்கில் கூட்டமாக உணர்கொம்பை வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். குஞ்சுப் பருவத்தில் பாசி, கடற்புல், சிறு துளைகள் வேண்டும். அவை அழிந்த இடத்தில் குஞ்சு வந்து இறங்கினாலும் பிழைக்காது.

வளர்ச்சி தோலுரிப்பால் மட்டுமே நடக்கும். ஓடு விரியாது என்பதால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, மென்மையான புது ஓட்டுக்குள் நீரை இழுத்து உடலை உப்ப வைத்துக்கொள்கிறது. உரித்த ஓட்டைத் தானே தின்று சுண்ணாம்புச் சத்தை மீட்டுக்கொள்ளும். அமெரிக்க லாப்ஸ்டர் பிடிக்கத் தகுந்த அளவை எட்ட 5 முதல் 7 ஆண்டுகள், இருபதுக்கும் மேற்பட்ட தோலுரிப்புகள் ஆகும். உரித்த சில வாரங்களுக்கு ஓட்டுக்குள் சதை குறைவு, நீர் அதிகம். அப்போது பிடித்தால் எடை ஏமாற்றும், வழியிலேயே செத்தும் போகும். ஓட்டின் பக்கவாட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் அதைக் கடலில் விடுவதே லாபம்.

இனி முக்கியமான கணக்கு. அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த அமெரிக்கப் பெண் லாப்ஸ்டர் ஏறத்தாழ 8,000 முட்டைகள் சுமக்கும். நான்கு கிலோ எடையுள்ளது ஒரு லட்சத்துக்கும் மேல். எடை ஒன்பது மடங்குதான் கூடுகிறது, முட்டையோ பன்னிரண்டு மடங்கைத் தாண்டுகிறது. அந்த முட்டைகளை வாலடியில் 9 முதல் 12 மாதம் வரை சுமந்து, விசிறி, சுத்தம் செய்து காக்கிறது தாய். சிங்கி இனங்களில் சுமக்கும் காலம் சில வாரங்கள்தான். ஆனால் முட்டை லட்சக்கணக்கில் இருக்கும், பெரிய பெண்கள் ஒரே பருவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறையும் இடும். அப்படிப்பட்ட தாய் ஒன்றைத் தூக்குவது எத்தனை சின்னவற்றைத் தூக்குவதற்குச் சமம் என்று எண்ணிப் பாருங்கள்.

முட்டை தெரியாவிட்டாலும் தாயை அடையாளம் காணலாம். சிங்கியின் பெண்ணுக்குக் கடைசி ஜோடிக் காலின் நுனியில் சிறு இடுக்கி இருக்கும், ஆணுக்கு இருக்காது. வெப்பக் கடல் இனங்கள் பலவற்றில், பெண்ணின் நெஞ்சடியில் கறுப்புத் தார் ஒட்டியது மாதிரி ஒரு படலம் தெரிந்தால், அது ஆண் ஒட்டிவைத்த விந்துப் பொதி. முட்டை இட நாள் நெருங்கிவிட்டது. அதையும் விட வேண்டும். முட்டையைச் சுரண்டிவிட்டு விற்பவர்கள் உண்டு, இதைவிடக் கொடுமையான வேலை இந்தத் தொழிலில் இல்லை. சுரண்டினாலும் வாலடிக் கால்களின் மயிரிழையில் முட்டையை ஒட்டிய பசை மிச்சம் இருக்கும், உற்றுப் பார்த்தால் தெரியும்.

அமெரிக்காவின் மேய்ன் மாநிலம் இதை முழுமையாகப் புரிந்துகொண்டது. அங்கே 1933 முதல் அளவுகோலுக்கு இரண்டு பக்கம். கண்குழியின் பின்விளிம்பிலிருந்து முதுகு ஓட்டின் கடைசி வரை அளந்தால், இன்றைய விதிப்படி, 3¼ அங்குலத்துக்குக் குறையவும் கூடாது, 5 அங்குலத்தைத் தாண்டவும் கூடாது. முட்டையோடு சிக்கிய பெண்ணின் வால் துடுப்பில், நடுத் துடுப்புக்கு வலப்பக்கம் உள்ளதில், 'வி' வடிவ வெட்டுப் போட்டு விடுகிறார்கள். அடுத்த முறை முட்டை இல்லாமல் சிக்கினாலும் அந்த வெட்டு "நான் தாய்" என்று சொல்லிவிடும். யாரும் எடுக்க முடியாது. 2016-ல் அங்கே சுமார் 13 கோடி பவுண்டு, அதாவது 60,000 டன் அளவுக்குப் பிடிப்பு வந்தது.

இதை வைத்து விதி ஒன்றே எல்லாம் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெரும் பிடிப்பில் கடல் வெப்பமும் கூட்டாளி. சற்றுத் தெற்கே, அதே வெப்பம் அளவு மீறியபோது கதை தலைகீழானது. நீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீடித்தால் இந்த இனம் மூச்சுக்குத் திணறும். நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்ட் சவுண்ட் கடற்பகுதியில் 1999-ல் பெரும் சாவு விழுந்தது, ஓட்டை அரிக்கும் நோயும் பரவியது. அந்தப் பகுதி இன்னும் மீளவில்லை. வெப்பத்தை மீனவர் தடுக்க முடியாது. தாயை விடுவது மட்டுமே அவர் கையில் இருக்கிறது.

விடுவதற்கு அது உயிரோடு வர வேண்டும். அதனால்தான் கூடு (பொறி) வைத்துப் பிடிப்பதை ஆதரிக்கிறேன். இறால் கூட்டின் புனல் வாசலில் நுழைந்து, இரையறையைக் கடந்து, உள்ளறையில் தங்கும். நீருக்கடியில் கேமரா வைத்துப் பார்த்தபோது, நுழைந்தவற்றில் பெரும்பாலானவை திரும்ப வெளியேறுவது தெரிந்தது. சின்னவை வெளியேற உள்ளறையில் தனித் திறப்பு வைக்க வேண்டும். மேய்ன் பகுதியில் அது ஏறத்தாழ 49 மி.மீ உயரம், 146 மி.மீ அகலம். உயரம் சில மில்லிமீட்டர் குறைந்தாலும் சின்னவை உள்ளேயே மாட்டி, ஒன்றையொன்று கடித்துக் கால் இழக்கும். கயிறு அறுந்து தொலைந்த கூடு அடியில் கிடந்து பிடித்துக்கொண்டே இருக்கும். அதற்குத் துருப்பிடிக்கும் இரும்பு வளையமோ மக்கும் நூலோ போட்டுக் கட்டிய ஒரு சன்னல் அவசியம். கூட்டிலும் குறை உண்டு: அதன் கயிறுகளில் வட அட்லாண்டிக் திமிங்கிலங்கள் சிக்குகின்றன, அதற்குத் தீர்வு கண்டே ஆக வேண்டும். செவுள் வலையிலோ முட்டை, குஞ்சு, பெரியது என்ற பிரிவே இல்லை. முள் உடம்பு சுற்றிக்கொள்ளும், பிரிக்கும்போது காலும் உணர்கொம்பும் ஒடியும். இழுவலை மணல் சிங்கியைத் தாயோடு அள்ளும். மும்பைக் கடலில் 1994 வாக்கில் மணல் சிங்கிப் பிடிப்பு அப்படித்தான் அடியோடு சரிந்தது.

இந்தியாவில் 2003-ல் ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடை வரம்பு வந்தது: சிங்கி இனங்களில் பானுலிரஸ் ஹோமாரஸ் 200 கிராம், பாலிஃபேகஸ் 300, ஆர்னேட்டஸ் 500, மணல் சிங்கி 150. வரவேற்கிறேன். ஆனால் தராசுக்கு வரும் நேரத்தில் அது கடலை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. அளவு பார்க்க வேண்டிய இடம் படகு. பார்க்க வேண்டியது ஓட்டின் நீளம்.

"சிங்கிக் குஞ்சு கண்ணாடித் தாள் மாதிரி மாதக்கணக்கில் மிதந்து எங்கேயோ போகிறது, நான் விட்டால் பலன் யாருக்கோ" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மேற்கு ஆஸ்திரேலியச் சிங்கியின் குஞ்சு 9 முதல் 11 மாதம் இந்தியப் பெருங்கடலில் அலைந்துவிட்டுத்தான் கரைக்கு வருகிறது. உங்கள் பாறைக்கு வரும் குஞ்சும் அதே போல வேறெங்கோ ஒருவர் விட்ட தாயினுடையதுதான். மேற்கு ஆஸ்திரேலியாவில் கரையேறும் குஞ்சுகளை ஆண்டுதோறும் எண்ணி, மூன்று நான்கு ஆண்டு கழித்து வரும் பிடிப்பை முன்கூட்டியே கணிக்கிறார்கள். 2008 வாக்கில் எண்ணிக்கை விழுந்தபோது, பஞ்சம் வரும் வரை காத்திராமல் பிடிப்பைக் குறைத்தார்கள். இந்த முன்யோசனை எல்லாக் கடலுக்கும் வேண்டும்.

பெரியவை இருப்பதில் இன்னொரு பயனும் உண்டு. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் நீண்ட முள் கொண்ட கடல் முள்ளெலி பாசிக் காட்டையே மொட்டையடிக்கிறது. நன்கு வளர்ந்த அந்த முள்ளெலியைப் பிடித்துத் தின்ன பெரிய சிங்கிகளால்தான் முடியும்.

விடும்போது எறியாதீர்கள். வாலையோ உணர்கொம்பையோ பிடிக்காமல் முதுகு ஓட்டைப் பிடித்துத் தூக்குங்கள். வெயிலில் வைத்தால் செவுள் உலரும், நன்னீரை ஊற்றினால் செத்துவிடும், ஈரச் சாக்கில் கடல்நீர் தெளித்து நிழலில் வையுங்கள். சில நிமிடங்களுக்குள், பிடித்த அதே பாறைத் தரைக்கு மேலே, தண்ணீரை ஒட்டிக் கையை இறக்கி விடுங்கள். வெற்று மணலுக்கு மேல் விட்டால் ஒளிய இடம் தேடி அலையும்போதே பெரிய மீன்களுக்கு இரையாகும்.