கை படாத தீவாம்!

எந்த ரீலைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். மூன்று நாளாகக் காரைக்குடி வாட்ஸ்அப் குழு எல்லாவற்றிலும் அதுதான் சுற்றுகிறது. நம்ம ஊர்ப் பையன், அந்தமானுக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகிறான். சந்தோஷம், பிழைக்கட்டும். ஆனால் பின்னால் புல்லாங்குழலை ஓடவிட்டு, "மனுசக் கை படாத தீவு, வரலாறே இல்லாத சொர்க்கம்" என்று சொல்கிறான் பாருங்கள், அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது.

அவன் நின்று பேசிய இடம் ராஸ் தீவு, இப்போது நேதாஜி பெயரில் இருப்பது. முதுகுக்குப் பின்னால் தெரிவது வெள்ளைக்காரன் கட்டிய சர்ச் சுவர். அதில் வேர் இறங்கிக் கிடப்பதால் காடு என்று நினைத்துவிட்டான் போல. 1858-க்குப் பிறகு எண்பது வருசத்துக்கு மேல் துரைமார் குடியிருந்த தலைமையிடம் அது. ரொட்டி சுட ஒரு கட்டடம், நடனமாட ஒரு கூடம். மண் சுமந்தவர்கள் கைதிகள். ரீலில் துள்ளி ஓடுகிற புள்ளிமான்கூட அந்த மண்ணில் பிறந்த சாதி இல்லை, வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுபோய் விட்டதன் வாரிசு. மான் உட்பட எல்லாமே யாரோ ஒருவர் கை வைத்ததுதான்.

இதைத்தான் மரியாதையாக இரண்டு வரியில் எழுதினேன். பதில் வந்தது: "ஆச்சி, நீங்க கந்தரப்பம் சுடுங்க, டிராவலை எங்ககிட்ட விடுங்க." அதற்கு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். போட்டவர்களில் நாலு பேர் எங்கள் பங்காளி வீட்டுப் பிள்ளைகள். (கந்தரப்பம் நன்றாகத்தான் சுடுவேன். அது வேறு விசயம்.)

சரி, நானும் போயிருக்கிறேன் தம்பி. போன வருசத்துக்கு முந்தின வருசம், என் வீட்டுக்காரரோடு. செல்லுலார் சிறையில் ஒரு செக்கு வைத்திருக்கிறார்கள். மாட்டுக்குப் பதில் மனுசனைப் பூட்டுவது. ஒரு நாளைக்கு 30 பவுண்டு எண்ணெய் எடுத்தாக வேண்டும், குறைந்தால் அடி. கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்ததைப் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான் நினைவுக்கு வந்தது. வழிகாட்டி சொன்னார், 1896-ல் தொடங்கிப் பத்து வருசம் கட்டினார்கள், செங்கல் பர்மாவிலிருந்து வந்தது என்று. எனக்கு அங்கேயே ஒரு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் வீட்டு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றி நிற்கிற தூணும் பர்மாவிலிருந்து வந்ததுதான்.

அடுத்த ரீலில் நீல் தீவாம். அந்தப் பெயர் 1857-ல் ஊர் ஊராக ஆட்களைத் தூக்கில் போட்ட கர்னல் நீலுடையது. அவன் சிலையை எடுக்கச் சொல்லித்தான் 1927-ல் மதராசில் நம் ஆட்கள் சத்தியாகிரகம் செய்து ஜெயிலுக்குப் போனார்கள். பத்து வருசம் கழித்து ராஜாஜி ஆட்சியில் சிலை மியூசியத்துக்குப் போனது. தீவின் பெயர் 2018 டிசம்பர் வரை இருந்தது. இப்போது ஷாகித் தீவு. பையனுக்கு அதுவும் தெரியவில்லை.

"ஒரு ரீலுக்கு இவ்வளவு கோபமா?" என்பீர்கள். ஆமாம். யாரும் இல்லாத இடம் என்று சொல்லிச் சொல்லித்தான் இருந்தவர்களை இல்லாமல் ஆக்கினார்கள். வெள்ளைக்காரன் இறங்கியபோது பெரிய அந்தமானியர் சில ஆயிரம் பேர் இருந்தார்கள். அம்மை, மேகநோய் எல்லாம் கூடவே இறங்கின. இன்றைக்கு ஐம்பது பேர் இருந்தால் அதிகம். அவர்கள் பேசியதில் 'போ' என்றொரு மொழி. அதைப் பேசிய கடைசி மனுசி போவா சீனியர் 2010-ல் இறந்துபோனார். பேச ஆள் இல்லாமல் பறவைகளோடு பேசுவாராம். அந்த இடத்தில் நின்று வரலாறே இல்லை என்கிறான்.

டூரிசத்தால் நாலு பேர் சாப்பிடுகிறார்கள் என்பதும் சரிதான். போர்ட் பிளேரில் எங்களுக்கு இட்லி போட்டவரே தமிழர். மறுக்கவில்லை.

அப்புறம் ஒரு புத்திசாலி கேட்டிருக்கிறார்: "உங்க ஐயாவும் வெள்ளைக்காரன் கொடி பறந்த ஊருக்குத்தானே கொண்டுவிக்கப் போனார்?" போனார். கொண்டுவிக்க என்றால் கடல் கடந்து தொழில் பார்க்க. பர்மாவில் மோல்மேன் ஊர் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக நுழைந்து, கடையைப் பார்க்கும் மேலாளாக வந்தவர். உலகமெங்கும் பொருளாதார மந்தம் வந்த 1930-களில், கடன் திரும்பாமல், கீழ் பர்மா நஞ்சையில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்தது. விதைத்தவன் வயிறு எரிந்திருக்கும், எனக்குத் தெரியாதா? ஆனால் ஐயா ஒருநாளும் அதைக் கை படாத பூமி என்று சொன்னதில்லை. யார் நிலம், எத்தனை ஏக்கர், என்ன வட்டி, எல்லாம் பேர் போட்டுப் பேரேட்டில் எழுதியிருந்தார். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது நடந்தே திரும்பினார். கையில் இருந்தது ஒரு மங்குத் தட்டு. அது ஓரம் சில்லு போய் இன்னமும் எங்கள் அடுப்படியில் இருக்கிறது. இதில் பெருமை, வெட்கம் இரண்டும் உண்டு. புத்திசாலிக்கு இது போதுமா தெரியவில்லை. போதாவிட்டால் போகட்டும்.

உண்மையில் எனக்கு வலித்தது வேறு. இதே பையன் போன மாசியில் எங்கள் வீட்டு முகப்பில் நின்று ஒரு ரீல் எடுத்தான். "ஆளில்லாத பேய் பங்களா" என்று தலைப்பு. அப்போது நான் இரண்டாம் கட்டில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கொடியில் அப்பத்தா சேலை. அவன் கேமராவில் அதுவும் தெரிகிறது, வேண்டுமானால் நிறுத்திப் பாருங்கள்.

கந்தரப்பம் பற்றிச் சொன்னானே. தை மாசம் எங்கள் வீட்டில் முன்னோருக்குப் படைப்பு. கிழமை முடிவானதும் சொல்கிறேன். அவனும் வரட்டும், இலை போடுகிறேன். செருப்பையும் போனையும் திண்ணையிலேயே வைத்துவிட்டு உள்ளே வரச் சொல்லுங்கள்.