மணப்பெண் கறுப்பு உடுத்திய கதை: கொலைகளை விடப் பெரிய அதிர்ச்சி எது?

முடிவு உட்பட எல்லாவற்றையும் உடைத்துத்தான் பேசுகிறேன். கார்னெல் உல்ரிச்சின் ‘தி ப்ரைட் வோர் பிளாக்’ இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

1940இல் வெளியான அமெரிக்க நாவல். திருமணம் முடிந்து தேவாலயப் படியில் இறங்கும்போதே ஜூலியின் கணவன் சுடப்பட்டுச் சாகிறான். அதே நொடியில் ஒரு கார் பாய்ந்து போகிறது. அதில் இருந்த ஐந்து பேர்தான் சுட்டார்கள் என்று முடிவுகட்டி, ஒவ்வொருவராகத் தேடிப்போய்க் கொல்கிறாள்.

ஆனால் கடைசிப் பகுதிவரை இந்தக் காரணம் நமக்குத் தெரியாது. நம்மூர்ப் பழிவாங்கும் கதைகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். பாதிக் கதைக்குள் ஃப்ளாஷ்பேக்கைத் திறந்து, செத்தவன் எவ்வளவு கெட்டவன் என்று காட்டி, கொலைக்கு வாசகனிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவிடுகிறோம். அதன்பிறகு அவள் மாட்டுவாளா என்ற ஒரே பதற்றம்தான் மிச்சம். உல்ரிச் பிளிஸ், மிட்செல், மோரன், ஃபெர்குசன் என்று ஆளுக்கொரு பகுதி கொடுத்து, சாகப்போகிறவனோடு நம்மை வாழவைக்கிறார். மோரன் பகுதியைக் கவனியுங்கள். பொய்த் தகவல் கொடுத்து அவன் மனைவியை ஊருக்கு அனுப்பிவிட்டு, சின்னப் பையனின் ஆசிரியை என்று சொல்லி வீட்டுக்குள் வருகிறாள். சமையல், பையனோடு கண்ணாமூச்சி, பிறகு மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அறை. அந்த அப்பன் சாகக்கூடாது என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

வேஷங்களும் சும்மா விக் மாற்றுகிற வேலை இல்லை. தனிமையில் கிடக்கும் மிட்செலுக்கு அவன் கற்பனையில் வைத்திருந்த பெண்ணாக வருகிறாள். ஓவியனான ஃபெர்குசனுக்கு அவன் தேடும் மாடலாக நிற்கிறாள். அவனவன் ஏக்கமே அவளுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் துப்பறிவாளர் வாங்கரின் வறண்ட விசாரணை வருகிறது. அது இல்லையென்றால் நான்கு கொலையும் ஒரே சூட்டில் கொதித்து அலுத்துப்போயிருக்கும்.

கடைசியில் ஐந்தாவது ஆளின் இடத்தில் வாங்கரே உட்கார்ந்து அவளைப் பிடிக்கிறார். பிடித்துவிட்டுச் சொல்லும் சேதிதான் இடி: காரில் போனவர்கள் யாரும் சுடவே இல்லை. சுட்டவன் கோரி, கணவனின் பழைய கூட்டாளி. முதல் கொலை நடந்த விருந்திலேயே அவளோடு பேசிக்கொண்டிருந்தவன்!

1968இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ இதைப் படமாக்கியபோது இந்தத் திருப்பத்தை எடுத்துவிட்டார். படத்தில் அந்த ஐவரும் துப்பாக்கியோடு விளையாடியதில்தான் குண்டு பாய்கிறது. அவள் கணக்கு சரியாகிவிடுகிறது. ஜூலியாக ழான் மோரோ அபாரமாக நடித்திருந்தும், நாவல் கொடுத்த குலைநடுக்கம் அதில் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

நாவலிலும் குறை உண்டு. குண்டும் காரும் ஒரே நொடியில் சந்திப்பது அதீதத் தற்செயல். அதை நம்பவைக்க உல்ரிச் கடைசிப் பக்கங்களில் மூச்சுவாங்க விளக்குகிறார். ஆனால் உண்மைக் குற்றவாளியை முதல் பகுதியிலேயே பேசவிட்டுக் கண்முன் நிறுத்திய துணிச்சலுக்காக அதை மன்னிக்கலாம். இதே வகையில் எழுத நினைப்பவர்கள் அந்த விருந்துக் காட்சியை மறுபடி படியுங்கள். இரண்டாம் வாசிப்பில் கண் முதலில் தேடுவது கோரியைத்தான்.