புகை வருகிறது என்று ஊசியை இறுக்காதீர்கள்

தம்பி, படகின் பின்புறம் பூட்டும் பழைய வெளியிணைப்பு மோட்டர் புகைத்தால் காபரேற்றரின் பெரிய ஊசியை (முழு வேகத்தில் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் திருகை) புகை நிற்கும்வரை இறுக்க வேண்டும், எரிபொருளும் மிச்சமாகும் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நம்பி யாராவது யாழ்ப்பாணத்துக் குருநகரிலிருந்து கடலுக்குப் போனால் நடுக்கடலில் பிஸ்ரன் இறுகி நிற்பார்கள்.

இப்படியான பழைய இரண்டு வீச்சு (two-stroke) மோட்டருக்குத் தனி ஒயில் வழி கிடையாது. எரிபொருளில் கலந்த ஒயில்தான் பிஸ்ரனையும் பெயரிங்கையும் காக்கிறது. ஊசியை இறுக்கினால் எரிபொருளோடு ஒயிலும் குறையும், சூடும் ஏறும். புகை மிகுந்தால் முதலில் கலவை அளவைப் பாருங்கள். பழைய மோட்டர்கள் பலவற்றுக்கு 24 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு ஒயில். அவை சற்றுப் புகைக்கத்தான் செய்யும்.

இரண்டு ஊசி உள்ள காபரேற்றரில், ஒவ்வொரு ஊசியையும் மெதுவாக, தொட்டு நிற்கும் வரை மட்டும் உள்ளே திருப்புங்கள். அழுத்தினால் கூர்முனையில் வளையம்போல் தடம் விழுந்துவிடும். பிறகு எந்தச் சீரமைப்பும் நிற்காது. அங்கிருந்து ஏறக்குறைய ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து மோட்டரை இயக்குங்கள். மோட்டர் சூடான பிறகு, படகு ஓடும்போதே முழு வேகத்தில் பெரிய ஊசியை எட்டில் ஒரு சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சில விநாடி பொறுத்துக் கேளுங்கள். தும்மினால் எரிபொருள் போதவில்லை. திணறி இழுத்தால் கூடிவிட்டது. நன்றாக ஓடும் இடத்திலிருந்து சிறிது வெளியே விட்டு வையுங்கள். அதன் பிறகே, மெதுவாக ஓடும்போது எரிபொருள் விடும் மற்ற ஊசியைச் சரிசெய்யுங்கள்.