'ரோபோட்' என்பது தப்பான இங்கிலீஷ் இல்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. டிராஃபிக் லைட்டை 'ரோபோட்' என்பதும், கொஞ்ச நேரம் கழித்து என்ற அர்த்தத்தில் 'ஜஸ்ட் நவ்' என்பதும் அங்குள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதி இந்தியர்கள் படிப்பில்லாமல் உண்டாக்கிய பிழைகளாம், எந்த அகராதியிலும் இல்லையாம். இது உண்மையில்லை.

தென்னாப்பிரிக்காவில் எல்லா இனத்தவரும் 'ரோபோட்' என்றுதான் சொல்கிறார்கள், சாலைப் பலகைகளிலும் அப்படியே எழுதியிருக்கிறது. போலீஸ்காரர் கைகாட்டி நின்ற சந்திகளில் தானியங்கி விளக்குகள் வந்தபோது ஒட்டிய பெயர் அது, ஒரு காலத்தில் பிரிட்டனிலும் வழங்கியதுதான். 'ஜஸ்ட் நவ்' விஷயத்தில் அங்கே பேசப்படும் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் அதே அர்த்தத்தில் வரும் 'நெட்நோ' என்ற சொல்லின் செல்வாக்கு இருக்கிறது, இதில் நம்மவர்கள் மேல் மட்டும் பழி எதற்கு?

சரி, எங்கே பார்ப்பது? ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் உள்ள அகராதிப் பிரிவு தயாரித்து, ஆக்ஸ்ஃபோர்ட் பதிப்பகம் 1996இல் வெளியிட்ட தென்னாப்பிரிக்க ஆங்கில அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, இரண்டு சொற்களும் அதில் உண்டு. வெளிநாட்டுக்காரருக்கு எழுதும்போது 'டிராஃபிக் லைட்' என்று எழுதினால் அவருக்குச் சுலபமாகப் புரியும், அது வேறு விஷயம்.

அந்தச் செய்தியைப் படிக்கிற பிள்ளைகள் தாத்தா பாட்டி பேச்சை நினைத்துக் கூச்சப்படுவார்களே என்பதுதான் எனக்கு வருத்தம். தயவுசெய்து இனி அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் அந்த அகராதியின் இணைப்பையும் போட்டுவிடுங்கள்.