ஏபி மதிப்பெண்: எதை எழுதுவது, எதை விடுவது

ஏபி (Advanced Placement) என்பது பள்ளி மாணவர்கள் எழுதும் கல்லூரித் தரத் தேர்வு; மதிப்பெண் 1 முதல் 5 வரை. எடுத்த ஏபி மதிப்பெண் எல்லாவற்றையும் கல்லூரி விண்ணப்பத்தில் எழுதிவிட வேண்டும் என்று சிலர் சொல்வது பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொருந்தாது. பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பமான காமன் ஆப்பின் தேர்வுப் பகுதியில் மாணவரே மதிப்பெண்ணைப் பதிவது விருப்பம்தான். 4, 5 இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். 3 என்றால் கல்லூரியையும் பாடத்தையும் பாருங்கள்: பொறியியல் கேட்பவர் கால்குலஸில் வாங்கிய 3 உதவாது, அதே மாணவரின் வரலாற்று 3 பெரிதாகக் கெடுக்காது. 1, 2 வேண்டவே வேண்டாம்.

யேல் பல்கலைக்கழகம் இதில் விதிவிலக்கு. அங்கே எஸ்ஏடி என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வுக்குப் பதிலாக ஏபியைக் காட்டினால், அதுவரை எழுதிய எல்லா ஏபி தேர்வுகளின் மதிப்பெண்ணும் கேட்கிறார்கள்.

பலர் சறுக்குவது இன்னோர் இடத்தில். சில பள்ளிகள் ஏபி மதிப்பெண்ணை, கல்லூரிக்குப் போகும் பள்ளி மதிப்பெண் பட்டியலான டிரான்ஸ்கிரிப்டிலேயே அச்சிடுகின்றன. அப்படியானால் நீங்கள் மறைத்தும் பயனில்லை. பள்ளிக் கவுன்சிலரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஏபி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு கல்லூரிக்கு நேரடியாக அனுப்பும் அதிகாரபூர்வ அறிக்கையிலும் பழைய மதிப்பெண்கள் சேர்ந்தே போகும். ஒன்றை மட்டும் நிறுத்திவைக்க, ஒரு கல்லூரிக்கு ஒரு மதிப்பெண்ணுக்கு 10 டாலர். மதிப்பெண்ணை அடியோடு ரத்து செய்யக் கட்டணம் இல்லை, ஆனால் ரத்தான மதிப்பெண்ணைத் திரும்பப் பெற முடியாது, அவசரப்படாதீர்கள். பொதுவாக அதிகாரபூர்வ அறிக்கை, சேர்க்கை உறுதியான பிறகு கிரெடிட்டுக்காகத்தான் (கல்லூரிப் பாடத்தில் கழித்துக்கொள்ளும் புள்ளி) தேவைப்படும்.

12ஆம் வகுப்பு மே மாதத் தேர்வின் முடிவு ஜூலையில்தான் வரும். அது சேர்க்கைக்கு உதவாது. ஆனால் கலிபோர்னியா பல்கலைக்கழகம் 3க்கே கிரெடிட் தருகிறது, அதனால் அந்தத் தேர்வைப் பிள்ளைகள் விட்டுவிட வேண்டாம்.