உப்பேறிய கேசட்

தடைக்காலம் வந்தால் என் கடையில் கூட்டம் கூடிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த 61 நாளும், வலையைச் சரிபார்த்தது போக மிச்ச நேரத்தில் பையன்கள் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். மண்டபத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருப்பவனுக்கு அதுதான் சீசன்.

அப்படி ஒரு நாள் பள்ளிக்கூடத்து நண்பன் வந்தான். இப்போது போட்டு டிரைவர். கையில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு சீனத்து கேம் பெட்டி. ஆன்லைனில் மூவாயிரத்துச் சொச்சமாம், உள்ளே பத்தாயிரம் கேமாம். "மாப்ள, பாதி ஓட மாட்டேங்குது. நீ நல்லதாப் பாத்து ஏத்திக் குடு, என்ன ஆகுதோ வாங்கிக்க" என்றான். காசுக்கு ஏற்றித் தர மாட்டேன் என்றேன். முறைத்தான். "முப்பது வருசத்துக்கு முந்தின கேமுடா. செத்துப் போனதுக்கு எவன்டா சொந்தக்காரன்?"

நாலு பேர் போனை நீட்டிக்கொண்டு நிற்கும்போது இதற்கெல்லாம் பதில் சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

எமுலேட்டர் வேறு, கேம் வேறு. பழைய கேம் பெட்டி எப்படி வேலை செய்ததோ அதை அப்படியே நடித்துக் காட்டும் மென்பொருள்தான் எமுலேட்டர். அது வெறும் டேப் ரெக்கார்டர் மாதிரி. பாட்டு அதில் இல்லை. தன் பிளேஸ்டேஷன் கேம் பெட்டிக்கு இப்படி எமுலேட்டர் செய்ததற்காக சோனி நிறுவனம் அமெரிக்காவில் இரண்டு கம்பெனிகள் மீது வழக்குப் போட்டது, கனெக்டிக்ஸ் ஒன்று, பிளீம் ஒன்று. 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டிலும் சோனிக்கு எதிராகவே சொன்னது. ஆனால் ஜெயித்தவன் பிழைத்தானா என்றால் இல்லை. வக்கீல் செலவு தாங்காமல் பிளீம் 2001இல் மூடப்பட்டது. கனெக்டிக்ஸ் செய்த எமுலேட்டரை சோனியே விலைக்கு வாங்கி, விற்பனையை நிறுத்திவிட்டது. கோர்ட்டு வரைக்கும் போய்வந்த எவருக்கும் இந்தக் கதை புதிதாக இருக்காது.

இதில் வேடிக்கை, கம்பெனிகளே எமுலேட்டரில்தான் பிழைக்கின்றன. 2016இல் ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி தன் பழைய கேம் பெட்டியைக் குட்டியாகச் செய்து விற்றதே, அதைத் திறந்து பார்த்தால் உள்ளே லினக்ஸும் ஓர் எமுலேட்டரும்தான். ஆகவே எமுலேட்டர் என்ற பெயரைக் கேட்டதுமே திருட்டு என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. சிக்கல் பாட்டில், அதாவது கேமில்.

என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் மாமா பர்மா பஜாரிலிருந்து ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். ஆன்டெனா ஒயரைப் பிடுங்கி இதைச் சொருகினால் தெருப் பிள்ளைகள் மொத்தமும் எங்கள் வீட்டுத் திண்ணையில். மஞ்சள் நிறக் கேசட், மேலே வரிசையாக ஏழெட்டு ஒன்பதுகள், பக்கத்தில் "இன் ஒன்". உள்ளே இருந்தது என்னவோ நாற்பது கேம்தான், அதையே பெயர் மாற்றி மாற்றி அடுக்கியிருந்தான். கான்ட்ரா, மாரியோ, நாங்கள் டேங்க் என்று கூப்பிட்ட பேட்டில் சிட்டி. ஓடாவிட்டால் வாயில் வைத்து ஊதிப் போடுவோம். ஊதாதீர்கள், எச்சில் ஈரத்தில் கேசட்டின் உலோகப் பின் அரிக்கும் என்று நிண்டெண்டோ சொல்லியிருக்கிறது. எங்கள் ஊரில் எச்சில் எதற்கு? உப்புக்காற்றுக்குக் கதவுக் கொண்டியே உதிர்ந்துவிடும்.

நாலு வருசம் முன்பு பரணைச் சுத்தம் செய்தபோது அந்தக் கேசட் கிடைத்தது. பின்கள் பச்சை பூத்து, பாதி கரைந்திருந்தன. ஐபிஏ என்ற துடைக்கும் ஆல்கஹாலைத் தொட்டுத் துடைத்தேன், சுரண்டிப் பார்த்தேன், ஒன்றும் எழவில்லை. திறந்தால் உள்ளே ஒழுங்கான சிப்பு கூடக் கிடையாது. பலகையில் தார் சொட்டு விழுந்தமாதிரி ஒரு கறுப்புப் பொட்டு, அவ்வளவுதான். அன்று ராத்திரியே போனில் எமுலேட்டர் போட்டு, கான்ட்ராவையும் டேங்கையும் இறக்கி விளையாடினேன். அப்போது மனசில் ஓடிய சமாதானம்: நான்தான் இதை ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவன் ஆயிற்றே.

அந்தச் சமாதானம் ஓட்டைப் படகு என்பது பிறகுதான் புரிந்தது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் 52வது பிரிவு ஒரு சலுகை தருகிறது. கணினி நிரல் ஒன்றின் நகலைச் சட்டப்படி வைத்திருப்பவர், தொலைந்தாலோ கெட்டாலோ உதவும் என்று ஒரு காப்பு நகல் எடுத்துக்கொள்ளலாம். உப்பேறிய கேசட்டுக்கென்றே எழுதியதுபோல இருக்கும். ஆனால் "சட்டப்படி வைத்திருப்பவர்" என்ற இடத்தில் நான் கவிழ்ந்துவிடுகிறேன். என் மஞ்சள் கேசட்டே திருட்டுக் கேசட். மாமா கொடுத்த காசில் ஒரு பைசாகூட கான்ட்ரா செய்த கொனாமிக்கோ டேங்க் செய்த நாம்கோவுக்கோ போயிருக்காது. எங்கள் ஊருக்கு அசல் கேசட் வந்து நான் பார்த்ததே இல்லை. நாங்கள் "ஒரிஜினல்" என்று தூக்கிவைத்துக் கொண்டாடும் குழந்தைப் பருவமே நகல்தான். அதற்காக வெட்கப்படவில்லை. ஆனால் "நான் காசு கொடுத்தவன்" என்று இனிமேல் சொல்வதுமில்லை.

சரி, செத்துப் போன கேமுக்கு யார் சொந்தக்காரன்? கடற்கரையில் வளர்ந்தவன் இதைக் கேட்கலாமா என்று அவனிடம் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். கரை ஒதுங்கியதெல்லாம் எடுத்தவனுக்கு என்று இங்கே யாராவது நினைத்தால், ஒரு பார்சல் ஒதுங்கட்டும், மரைன் போலீசும் சுங்கத்துறையும் வந்து நிற்பதைப் பார்க்கலாம். ஒதுங்கிய பொருளைக் கண்டவர் அதிகாரியிடம் சொல்ல வேண்டும் என்பதுதான் சட்டம். கைவிடப்பட்ட கேமும் அப்படித்தான். விற்பனையை நிறுத்திவிட்டதாலேயே உரிமை போய்விடாது. நம் நாட்டில் அது எழுதியவரின் ஆயுள் முழுக்க, அதற்கு மேல் 60 ஆண்டு இருக்கும். கான்ட்ரா வந்தது 1987இல். நானும் அவனும் பேரன் எடுத்த பிறகும் அதற்குச் சொந்தக்காரன் இருப்பான்.

ஆனால் பார்சலுக்கும் கேமுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பார்சலை எடுத்தால் உடையவனுக்கு இழப்பு. விற்காத கேமை விளையாடினால் யாருக்கு இழப்பு? வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010க்கு முன் அமெரிக்காவில் வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை. அதே வருடம் மார்ச்சில் நிண்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ என்ற கேம் பெட்டிகளுக்கான இணையக் கடைகளை மூடியது. அவற்றில் டிஜிட்டலாக மட்டும் விற்ற கேம்களைப் புதிதாகக் காசு கொடுத்து வாங்க வழியே இல்லாமல் போயிற்று. 2024இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம், நூலகங்கள் தாங்கள் காத்துவைத்த கேம்களை ஆய்வாளர்களுக்கு இணையம் வழியே காட்ட அனுமதி மறுத்தது. நேரில் வா என்கிறார்கள். மண்டபத்திலிருந்து ஒருவன் பழைய கேம் பார்க்க விசா எடுத்துக்கொண்டு போக வேண்டும்போல.

இந்த இடத்தில்தான் நான் சட்டத்தோடு முரண்படுகிறேன். கடையில் இல்லாத கேமை இறக்கி விளையாடுகிறேன், இனியும் செய்வேன். அதைச் சட்டப்படி சரி என்று சொல்ல மாட்டேன், மறைக்கவும் மாட்டேன். கான்ட்ராவை அழித்துவிட்டேன், ஏனென்றால் 2019இல் கொனாமியே பழைய கான்ட்ராக்களைச் சேர்த்து ஒரு தொகுப்பாக விற்பனைக்கு விட்டது. தெரிந்ததும் வாங்கினேன். காசு கேட்டு ஒருவன் கடை திறந்து வைத்திருக்கும்போது பின்வாசல் வழியாகப் போவது அசிங்கம்.

புதுக் கேமுக்கும் அதே கணக்குதான். நிண்டெண்டோவின் ஸ்விட்ச் பெட்டிக்கு யூசு என்று ஓர் எமுலேட்டர் இருந்தது. நிண்டெண்டோ 2024இல் வழக்குப் போட்டதும் 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு மூடிவிட்டார்கள். எமுலேட்டர்காரர்கள் பலர் இதற்குக் கண்ணீர் விட்டார்கள். எனக்கு அவ்வளவாக வரவில்லை. அதில் ஓடியதெல்லாம் கடையில் சுடச்சுட விற்ற கேம்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது அந்தச் சீனத்துப் பெட்டி மேல்தான். பத்தாயிரம் பேருடைய உழைப்பை ஒரு மெமரி கார்டில் அள்ளிப்போட்டு விலை வைக்கிறான். பர்மா பஜார் மஞ்சள் கேசட்டின் பேரப்பிள்ளை அது. சட்டமும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது. திருட்டு நிரலைத் தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் சிறை உண்டு. லாபத்துக்கோ தொழிலுக்கோ இல்லையென்றால், சிறையை விட்டுவிட்டு 50,000 ரூபாய் வரை அபராதத்தோடு நிறுத்திக்கொள்ள நீதிமன்றத்துக்கு இடம் இருக்கிறது. நான் நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ஏற்றிக் கொடுத்தால் அந்த இடமும் போய்விடும். சட்டத்தை விடுங்கள், எனக்கே பிடிக்கவில்லை.

தீர்வு ஒன்று நம் கையிலேயே இருக்கிறது, அதற்குப் பெயர்கூட நம்மிடம் உண்டு: நாட்டுடைமை. 1949இல் அரசு பாரதியின் எழுத்துகளுக்கான உரிமையை வாங்கிப் பிறகு எல்லோருக்கும் பொதுவாக்கியது. அதன்பின் எத்தனையோ எழுத்தாளர்களின் வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து நூல்களைப் பொதுவாக்கியாயிற்று. தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் போய் யாரும் படிக்கலாம், யாரும் அச்சிடலாம். உரிமையாளருக்கும் காசு போகிறது, எழுத்தும் சாகவில்லை. கேமுக்கு ஏன் கூடாது? ஜப்பான் கேமை வாங்க நம் அரசால் ஆகாது, தெரியும். நம்முடையதிலிருந்து தொடங்கலாமே. 2009இல் ஹைதராபாத்தில் செய்து பிளேஸ்டேஷன் 2க்கு வந்த தேசி அட்டா என்ற கேமில் கபடி, பட்டம், கிட்டிப்புள் எல்லாம் உண்டு. அந்த வட்டை இன்று எந்தக் கடையில் போய்ப் புதிதாக வாங்குவீர்கள்? இருக்கிற நாலைந்து வட்டும் இந்தக் காற்றில் இன்னும் எத்தனை நாள் தாங்கும்?

நண்பன் அன்று கோபித்துக்கொண்டு போகவில்லை. கடை சாத்தும்வரை உட்கார்ந்திருந்தான். பெட்டியைத் திறந்து, ஒட்டிக்கொண்ட இடது பட்டனை மட்டும் சரிசெய்து கொடுத்தேன், அதற்கு எண்பது ரூபாய் வாங்கினேன். "எந்தக் கேமுடா ஓடல?" என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பத்தாயிரத்தில் அவன் தேடியது டேங்க் ஒன்றைத்தான். அது உள்ளேயே இருந்தது, வேறு ஏதோ பெயரில். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ரெண்டு பேரும் ஆடினோம். பதினொன்றாவது ஸ்டேஜில், நாங்கள் காக்க வேண்டிய கழுகை அவனே சுட்டுத் தொலைத்தான்.