மாதவிடாய் நிற்பதைக் கடும் பயிற்சியின் அடையாளம் என்று கொண்டாடாதீர்கள்

தடகளம், நடனம், ஜிம்னாஸ்டிக்ஸ் என்று தீவிரமாக இறங்கும் பெண் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு மாதம் மாதவிடாய் வராமல் போனால், "கடுமையா பயிற்சி எடுக்கிறா, அப்படித்தான் இருக்கும்" என்று சுற்றியிருப்பவர்கள் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். போட்டி முடியும்வரை தொல்லை விட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமும் பயமும் சேர்ந்தே வருகிறது. கர்ப்பமோ வேறு நோயோ இல்லையென்றால், பெரும்பாலும் அந்தப் பிள்ளையின் உடல் அரைப் பட்டினியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மாதவிடாய்க்கான உத்தரவு மூளையிலிருந்துதான் கிளம்புகிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், மாதவிடாய்ச் சுழற்சியின் முதல் பாதியில் ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை, ஜிஎன்ஆர்ஹெச் என்ற ஹார்மோனைத் துடிப்பு துடிப்பாக விடுகிறது. அதற்கு ஏற்ப பிட்யூட்டரி சுரப்பி எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்ற இரண்டு ஹார்மோன்களையும் சுரக்கும். அப்புறம்தான் சினைப்பை வேலையில் இறங்கும். உடலில் ஆற்றல் கையிருப்பு எவ்வளவு என்று பார்த்துத்தான் மூளை இந்தத் துடிப்பை நடத்துகிறது. 1994இல் கண்டுபிடிக்கப்பட்ட லெப்டின் என்ற ஹார்மோன், கொழுப்புத் திசு மூளைக்கு அனுப்பும் தகவல்களில் ஒன்று. பிறவியிலேயே லெப்டின் சுரக்காதவர்கள் மிகவும் பருமனாக இருந்தும் இயல்பாகப் பருவமடைவதில்லை. உடம்பில் கொழுப்பு ஏராளமாக இருக்கும், இருக்கிறது என்ற செய்திதான் மூளைக்குப் போய்ச் சேராது. லெப்டினை ஊசியாகக் கொடுத்தால், உரிய வயதில் பருவ மாற்றங்கள் தொடங்குகின்றன.

அப்படியானால் உடற்பயிற்சிதான் வில்லனா? இல்லவே இல்லை. ஆன் லௌக்ஸ் என்ற ஆய்வாளர் இதைத்தான் பிரித்துப் பார்த்தார். பயிற்சியில் செலவானதை உணவால் ஈடுகட்டிய பெண்களுக்கு எல்ஹெச் துடிப்பு குலையவில்லை. ஈடுகட்டாதவர்களுக்கு ஐந்தே நாளில் குலைந்தது. பயிற்சிக்குப் போக மிஞ்சும் ஆற்றல், உடலின் கொழுப்பற்ற எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 30 கலோரிக்குக் கீழே இறங்கியபோது சிக்கல் தெரிந்தது. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்குக் கொழுப்பு நீங்கலாக 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிஞ்ச வேண்டியது குறைந்தது 1200. அவள் 1500 கலோரி சாப்பிட்டு 600ஐ ஓடியே செலவழித்தால் மிஞ்சுவது 900தான். தட்டைப் பார்த்தால் நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளை மாதிரிதான் தெரியும். எடைகூடக் குறையாமல் இருக்கலாம்.

சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரஜன் ஹார்மோன் குறைந்தால் எலும்பு இளைக்கும், கணுக்காலுக்கு மேலே எலும்பில் விரிசல் விழும் என்பது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். மூளையைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. திட்டமிடுவது, நிதானிப்பது போன்றவற்றைக் கவனிக்கும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ந்துகொண்டிருக்கிறது. மாதவிடாய் தடுமாறிய இளம் வீராங்கனைகளுக்கு ஈஸ்ட்ரஜன் கொடுத்துப் பார்த்த ஆய்வில், சொற்களை நினைவில் வைக்கும் திறன் மேம்பட்டது. படிப்பில் கவனம் போய்விட்டது என்று திட்டு வாங்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தக் கோணத்தில் யாராவது பார்த்திருப்பார்கள்?

"குறைவாகச் சாப்பிடு, நிறைய ஓடு" என்ற அறிவுரையை எல்லோருக்கும் பொதுவாக வீசுவதையும் நிறுத்த வேண்டும். சினைப்பையின் ஹார்மோன் கோளாறான பிசிஓஎஸ் உள்ள பலருக்கு இன்சுலின் மிகுந்து, சினைப்பை ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அவர்களில் உடல்பருமன் உள்ளவர்களுக்கு 5 முதல் 10 சதவீத எடைக் குறைப்பே சினைமுட்டை வெளிப்படுவதை மீட்டுத் தரக்கூடும். அதே அறிவுரை ஓட்டக்காரிக்கு விஷம். இரண்டு பேருக்கும் வெளியே தெரிவது ஒன்றுதான்: மாதவிடாய் வரவில்லை.

பையன்களையும் சொல்ல வேண்டும். தசைக்காக ஆண் ஹார்மோன் வகை ஸ்டீராய்டு ஊசி போட்டால், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் போதுமென்று மூளை தன் உத்தரவை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும். மீண்டு வர மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஆகும்.

அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பு, நாடித்துடிப்பைப் போல மாதவிடாயையும் ஒரு முக்கிய உடல்குறியாகப் பார்க்கச் சொல்கிறது. பயிற்சியாளர்கள் ஓட்ட நேரத்தைக் குறித்துவைப்பதுபோல, பிள்ளை தன் தேதியைக் குறித்துவைக்கவும் சொல்லித்தரட்டும். தொண்ணூறு நாள் தாண்டினாலோ, பதினைந்து வயதாகியும் பூப்படையாவிட்டாலோ மருத்துவரிடம் போங்கள். அங்கே கருத்தடை மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுத்தால், "இவள் சாப்பிடுவது இவள் பயிற்சிக்குப் போதுமா?" என்று நீங்களே கேளுங்கள். மாத்திரையை நிறுத்தும் நாட்களில் வரும் உதிரப்போக்கு மாத்திரையால் வருவது. மூளையின் துடிப்பு திரும்பிவிட்டதா என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது.